ராசையாவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்

அவர் ஆட்டோவிலிருந்து இறங்குவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டால் எங்கள் டாக்டர் முகம் கழுவப் போய்விடுவார். சற்று முன்புதான் கழுவியிருந்தாலும் இன்னொரு முறை கழுவுவார். அதுவரைக்கும் அந்தம்மாவை நான்தான் தாங்க வேண்டும். திருப்பூர் மங்கலம் ரோட்டில் ஒரு தனியார் கால்நடை கிளினிக்கில் முன்மேஜையில் உட்கார்ந்திருந்த காலம் அது. சீட்டுப் போடுவது, தடுப்பூசிக்கு நாள் சொல்வது, காத்திருக்கும் நாய்கள் ஒன்றையொன்று கடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. நாய்களால் எனக்குப் பெரிய தொந்தரவு இருந்ததில்லை.

கிளினிக்கில் யாரும் அவருடைய பெயரைச் சொன்னதில்லை. பூனையின் பெயர் ராசையா. அதனால் அவர் ராசையா அம்மா. பூனைக்கு எதற்கு மனிதர் பெயர் என்று முதல் நாள் சீட்டு எழுதும்போது சிரித்துக்கொண்டே கேட்டேன். "கூப்பிட்டா வருது, பிறகென்ன" என்றார். அவர் சிரிக்கவில்லை. அத்தோடு நானும் நிறுத்திக்கொண்டேன்.

ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான, உயரமான உடம்பு. எண்ணெய் வைத்து இழுத்து முடிந்த கொண்டை. தூத்துக்குடிப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமான புதிதில் திருப்பூருக்கு வந்தவர். பக்கத்திலேயே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். தைத்து வரும் டி-ஷர்ட்டை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எதுவானாலும் அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவது அந்தப் பிரிவின் வேலை. மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார். முகத்தை விட்டுவிட்டுக் காலரைப் பார்ப்பார், பிறகு கையை. நான் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் தோள்பட்டையில் தையல் பிரிந்திருப்பதைக் காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அன்று முழுக்கக் கையைத் தூக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒருவரிடம் இல்லை என்று சொல்ல வாய் வராது. பார்க்கலாங்க என்போம், ஆகட்டுங்க என்போம். கேட்கிறவருக்கும் அது இல்லை என்றுதான் அர்த்தம் என்று தெரியும். எழுந்து போய்விடுவார். அந்தம்மாவிடம் இது செல்லவே செல்லாது. டாக்டர் இப்போது வந்துவிடுவாருங்க என்றால் இப்போது என்றால் எத்தனை நிமிஷம் என்பார். ஒன்றும் பயமில்லீங்க என்றால் எதை வைத்துச் சொல்கிறாய் என்பார். ஒருமுறை நான் பொறுமையிழந்து, கொஞ்சம் உட்காருங்க, எல்லாம் நல்லபடியா நடக்குங்க என்றேன்.

"ங்க போட்டாப் போதுமா பிள்ளே? கேட்டதுக்கு பதில் சொல்லு" என்றார்.

அவர் உட்காரவே மாட்டார். காலியான நாற்காலிகள் இருக்க, என் மேஜைக்கு முன்னால் கூடையை ஒரு கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருப்பார். கூடைக்குள் ராசையா. கம்பெனியில் வேஸ்ட் துணி மூட்டைக்குள் கண் திறக்காமல் கிடந்த குட்டியாம். எடுத்து வளர்த்தது. செம்மண் நிறத்தில் கொழுகொழுவென்று, எங்கள் எல்லோரையும் பார்த்துச் சீறும். இரண்டு பேருக்கும் ஒரே குணம் என்று நானும் உள்ளே ஊசி எடுத்துக் கொடுக்கும் அக்காவும் சொல்லிச் சிரிப்போம்.

ஒரு கோடையில் நீளமான மின்வெட்டுக்குப் பிறகு தடுப்பூசி போட வந்தார். ஊசி மருந்து குளிர்ச்சியில்தான் இருந்ததா என்று கேட்டார். இருந்ததுங்க என்றேன். காட்டு என்றார். டாக்டர் உள்ளே மாட்டுக்காரர் ஒருவரோடு போனில் இருந்தார். வேண்டாங்க என்று நான் சொல்லச் சொல்ல மேஜையைச் சுற்றி உள்ளே வந்து குளிர்பெட்டியைத் திறந்தார். இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி சில்லென்றிருந்தது. உள்ளே கையை வைத்துப் பார்த்தார், மருந்துப் புட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "சரி, போடச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

இன்னொரு நாள், வாட்டசாட்டமான லேப்ரடார் நாயோடு வந்திருந்த ஒரு சாயப்பட்டறை முதலாளியிடம், இதுக்கு இப்படித் தின்னக் கொடுத்தா இடுப்பு ஒடிஞ்சுதான் கிடக்கும் என்று சொல்லிவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. முதலாளி அன்றோடு வேறு கிளினிக்குக்குப் போய்விட்டார். டாக்டர் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, நான் ஏதோ சொல்லிக் கொடுத்து அனுப்பியது போல.

என் சித்தி மகள் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். அவள் சொன்ன கதை ஒன்று உண்டு. கன்டெய்னர் வந்து வாசலில் நிற்கிற நாளில், பெட்டி கட்டி முடித்த சரக்கில் ஒரு துணியை உருவிப் பார்த்த அந்தம்மா, ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்றைக் கண்டு, அத்தனையையும் பிரிக்கச் சொல்லிவிட்டார். மேனேஜர் கெஞ்சினாராம். முதலாளியின் மகன் வந்து சத்தம் போட்டானாம். "அனுப்பணும்னா அனுப்புங்க. செக்கிங் முடிஞ்சுதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். ஞாயிற்றுக்கிழமையும் பெண்பிள்ளைகள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்ததில் சொல்லும்படியாக ஒன்றும் சிக்கவில்லை. சர்ச்சுக்குப் போகிறவர், அன்று அதற்கும் போகாமல், சாப்பிடாமல், அவர்களோடு உட்கார்ந்து பார்த்தாராம். அதனால் அந்தப் பெண்பிள்ளைகளுக்கு அவர் மேல் அன்பு வந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். இன்னும் கூடுதலாகத் திட்டினார்கள்.

இப்படிப்பட்டவரின் பூனைக்குத்தான் மூத்திரம் அடைத்துக்கொண்டது.

ஆண் பூனைகளுக்கு வருவதுதான். மூத்திரத்தில் மணல் போலச் சேர்ந்து, குறுகின குழாயை அடைத்துவிடும். விட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிச் சில நாளில் செத்துப்போகும். ராசையாவைக் கொண்டுவந்த அன்று அது சீறவில்லை. கூடைக்குள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாயைச் செருகி அடைப்பை எடுத்தார். சிவப்பாக வந்தது. பெரிய கண்டம் கழிந்தது என்று எல்லோரும் மூச்சு விட்டோம். அந்தம்மா மட்டும், திரும்ப அடைக்குமா என்று கேட்டார். பாக்கலாங்க என்றார் டாக்டர்.

திரும்ப அடைத்தது. திரும்பக் குழாய் போட்டார்கள். அதுவும் ஒரு வாரம்தான் தாங்கியது. மூன்றாம் முறை கொண்டுவந்தபோது ராசையா பாதியாக இளைத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் கிட்னி பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. டாக்டர் நல்லவர். மடத்துக்குளம் பக்கத்தில் மாடு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, மாட்டுக்கென்றே படித்தவர். ஈன முடியாமல் கிடக்கும் மாட்டுக்காகச் சேற்றில் படுத்துக் கையை விட்டுக் கன்றை எடுத்தவர். பூனைகளை இந்த ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தது அவர் வயதில் பாதி போன பிறகுதான். அவர் மெதுவாக, ரொம்பக் கஷ்டப்படுதுங்க, இதுக்கு மேல சிரமப்படுத்த வேண்டாங்க, தூங்க வெச்சிரலாங்க என்றார்.

அப்போது காலை நேரம். கூடம் நிறைய ஆட்கள். டாக்டர் அறையின் கதவு திறந்தே இருந்தது.

"தூங்க வைக்கன்னா என்ன? கொல்லுததுதானே? அதைச் சொல்லுங்க" என்றார் அந்தம்மா.

டாக்டர் அப்படியில்லீங்க என்று ஏதோ ஆரம்பித்தார். அவர் விடவில்லை.

"வேற வழியே கிடையாதா, இல்ல உங்களுக்குத் தெரிஞ்ச வழி கிடையாதா? ரெண்டுல எதுன்னு கேக்கேன்."

நான் எட்டிப் பார்த்தேன். டாக்டர் காதெல்லாம் சிவந்து, ராசையாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில், ஒரு ஆபரேஷன் இருக்குங்க என்றார். குழாயின் குறுகின நுனியை வெட்டியெடுத்து வழியைப் பெரிதாக்கிவிடுவது. தான் பூனைக்கு அதைச் செய்ததில்லை என்றும், இந்த உடம்பு அதைத் தாங்குவது சந்தேகம் என்றும் சொன்னார்.

செய்கிறவர் யார் என்று அந்தம்மா கேட்டார். டாக்டர், கோயம்புத்தூரில் ஒருத்தர் இருக்கிறாங்க, பேசிப் பாக்கறேனுங்க என்றார். அந்தப் பெண் டாக்டர் கல்லூரியில் இவருக்குப் பின்னால் படித்தவர். ஏதோ ஒரு சங்கக் கூட்டத்தில் இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு. அதற்குப் பிறகு பேச்சில்லை. எங்களுக்குத் தெரியும், அந்தம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

"இப்பப் பேசுங்க. நான் இங்கனயே நிக்கேன்."

வாசற்படியில் நின்றுகொண்டார். உள்ளே அடுத்த ஆள் போக முடியவில்லை. கூடத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. ஆட்டைக் கட்டிப் பிடித்திருந்த பெரியவர் ஒருவர், "ஏனுங்கம்மா, ஒரு பூனைக்குப் போயி இத்தன ரகளையா? எங்க ஊட்டுல அதுபாட்டுக்குப் பொறக்குது, அதுபாட்டுக்குச் சாகுது" என்றார்.

அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீங்க வெட்டத்தானே ஆடு வளக்கீங்க? அதுக்கு என்னத்துக்கு ஊசி?" என்று கேட்டார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். கூடவே இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். பொம்பளையா இது என்றார் ஒருவர். ஒரு நாய் குரைக்க, எல்லா நாயும் குரைத்தன. நான் ஓடிப்போய் அவர் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். நிஜமாகவே பலமாக இழுத்தேன். பல நாள் கோபம் கையில் இருந்தது.

அவர் என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "கையை எடு பிள்ளே" என்றார், சத்தமே இல்லாமல். எடுத்துவிட்டேன்.

டாக்டர் போனை எடுத்தார். அவர் பேசியது எனக்குக் கேட்டது. வணக்கம் சொல்லி, நல்லாருக்கீங்களா என்று விசாரித்து, சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பூனையைப் பற்றிச் சொன்னார். பேசி முடிக்கும் முன்பே அந்தம்மா கையை நீட்டினார். டாக்டர் தன்னையறியாமல் போனைக் கொடுத்துவிட்டார்.

நீங்கள் இதைச் செய்திருக்கிறீர்களா, அதில் எத்தனை பிழைத்தது, எத்தனை செத்தது என்று அந்தம்மா வரிசையாகக் கேட்டார். அந்தப் பக்கத்து டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை போல. நிறையப் பிழைத்திருக்கிறது, செத்தும் இருக்கிறது, இதுவும் சாகலாம், ஆனால் செய்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். பிறகு காருக்கு நிற்கும்போது அந்தம்மாவே சொன்னார். செத்ததையும் சொன்னதால்தான் நம்பினாராம்.

டாக்டர் மறுபடியும் குழாய் போட்டு, காலில் டிரிப்ஸ் ஏற்றி விட்டார். பாட்டிலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். என்னைப் போகச் சொன்னார். இத்தனை பேர் இருக்க நான்தானா என்று கண்ணாலேயே கேட்டேன். அவர் அடுத்து அந்த ஆட்டைப் பார்க்கக் குனிந்துவிட்டார்.

அவிநாசி ரோட்டில் வாடகைக் காரில் போனோம். கையை உயர்த்திப் பிடித்துப் பிடித்துத் தோள் மரத்துப்போனது. மாற்றிப் பிடிக்கட்டுமா என்று அவர் கேட்கவில்லை. பூனையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தபடி, அது மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது ஒரு எண்ணம் வந்தது. இந்த அம்மாவுக்கு வாழ்க்கையில் ஏதோ நடந்திருக்கிறது, யாரோ ஒரு டாக்டர் சொன்னதை நம்பி யாரையோ பறிகொடுத்திருக்கிறார், அதனால்தான் இப்படி ஆகிவிட்டார் என்று. அப்படி ஒன்று இருந்துவிட்டால் அவரை மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். சுற்றி வளைத்துக் கேட்டும்விட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சின்னதுலேர்ந்தே இப்படித்தான்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "எங்க வீட்டுக்காரரும் இதைத்தான் கேட்டாரு. நீ ஏன் இப்படி இருக்கன்னு. கேட்டுட்டு சூரத்துக்கு வேலைக்குப் போனாரு, அங்கனயே இருந்துட்டாரு" என்றார். வருத்தமாகச் சொன்னது போலவும் இல்லை.

கோயம்புத்தூரிலும் சண்டைதான். ஆபரேஷன் மேஜை சுத்தமா என்று பார்க்க வேண்டும் என்று நின்றார். அங்கிருந்த டாக்டர் பார்க்க விட்டுவிட்டார். விரிப்பில் ஒரு முடி கிடந்ததைக் காட்டி மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். பிறகு அறைக்கு வெளியே, எப்போதும் போல உட்காராமல், சுவரைப் பார்த்தபடி நின்றார். சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. மயக்கம் தெளியாத ராசையாவின் வாலுக்குக் கீழிருந்து மூத்திரம் தானாகச் சொட்டியதைக் காட்டினார்கள். அந்தம்மா விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார். சரி என்றார். நன்றி என்ற சொல்லை எதிர்பார்த்து அந்த டாக்டரும் நின்றார். நான் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டேன்.

பூனை பிழைத்தது. மூன்று வாரம் கழித்துக் கழுத்தில் பிளாஸ்டிக் புனலோடு எங்கள் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார். கோயம்புத்தூரில்தான் தையல் பிரித்திருந்தார்கள், புண்ணைப் பார்க்க மட்டும் இங்கே. டாக்டர் அன்று முகம் கழுவப் போகவில்லை. தானே முன்கூடத்துக்கு வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பகையை விழுங்கிக்கொண்டு போன் செய்தவரல்லவா, ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நினைத்திருப்பார்.

அந்தம்மா கூடையை மேஜை மேல் வைத்துவிட்டு, "மொத நாளே இதைச் சொல்லியிருந்தா இதுக்கு அத்தனை தடவை குழாய் குத்தியிருக்க வேண்டாம்லா" என்றார்.

அத்தனை வருடத்தில் டாக்டர் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. கூடையைத் தூக்கி அவர் கையிலேயே திணித்தார். "வெளிய போம்மா. இனி இந்தப் படி ஏறாதே" என்றார்.

அந்தம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். "இப்பத்தான் நேராப் பேசுதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து யாரும் இறங்கவில்லை. பார்த்தால் அந்தம்மா, மடியில் கூடையோடு, நேரே சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கூப்பிடவும் இல்லை, கிளம்பவும் இல்லை. படி ஏறாதே என்றார்கள், அவர் ஏறவில்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

லாரிகள் சேற்றை இறைத்துக்கொண்டு போகிற ரோட்டோரத்தில், ஆட்டோவுக்குள் தலையை விட்டு அவர் ராசையாவைப் பார்த்தார். சளி பிடித்திருந்தது. எதனால் வந்தது என்று அந்தம்மா கேட்டார். தெரியல என்றார் டாக்டர். மருந்து கேட்குமா என்றதற்கு, பாதிக்குப் பாதி என்றார். இரண்டு பேரும் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஊசியை எடுத்துக்கொண்டு சேற்றில் ஓடினேன்.

அதற்குப் பிறகு எப்போதும் இப்படித்தான். அவர் படி ஏறியதில்லை, உள்ளே வா என்று டாக்டர் சொன்னதும் இல்லை. ஆட்டோ வரும், டாக்டர் போவார். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு இருவரும் பேசுவதைப் பார்த்தால் வழக்கு நடக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். உள்ளே நடப்பவை மட்டும் கொஞ்சம் மாறியிருந்தன. யாராவது பூனையைக் கொண்டுவந்து மூத்திரம் அடைத்திருக்கிறது என்றால், டாக்டர் முதல் நாளே, எனக்கு இது வராதுங்க, கோயம்புத்தூர் போங்க என்று நம்பரை எழுதிக் கொடுத்துவிடுவார். அப்படி எழுதும்போது அவர் முகத்தில் ஒரு எரிச்சல் இருக்கும்.

சில வருடங்கள் கழித்து ராசையாவின் கிட்னி ஒரேயடியாகப் போய்விட்டது. முன்பே அடிபட்டது, இத்தனை காலம் ஓடியதே பெரிது. அன்றும் ஆட்டோதான். நல்ல வெயில். பூனை எலும்பும் தோலுமாகத் துணியில் கிடந்தது. டாக்டர் வெகுநேரம் பார்த்தார். கண்ணின் இமையை விலக்கிப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், ரத்தம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சோதித்துவிட்டு வந்தார்.

"இனி ஒண்ணும் பண்ண முடியாது. கொன்னுடறதுதான் நல்லது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இனி நடக்கப்போகும் சண்டைக்கு மனதைத் தயார் செய்துகொண்டேன். அந்தம்மா டாக்டரின் முகத்தை உற்றுப் பார்த்தார். எதையோ தேடுவது போல நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பார்த்தார். கோயம்புத்தூருக்குப் பேசட்டுமா என்று டாக்டரே கேட்டார்.

"வேண்டாம். நீங்க சொன்னாச் சரி" என்றார் அவர்.

ஆட்டோவின் பின்சீட்டிலேயே, அவர் மடியில் வைத்தே ஊசி போட்டோம். முதல் ஊசியில் தூங்கியது, இரண்டாவதில் மூச்சு நின்றுவிட்டது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, தலையசைத்து, உள்ளே போனார். போய்க் குழாயைத் திறந்தார்.

காலியான ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டு நான் மட்டும் நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வருத்தப்படாதீங்க, மனசைத் தேத்திக்கோங்க, அது புண்ணியம் பண்ணின ஜீவன், உங்க கையில இருந்துச்சுங்க என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"நீ என்னத்துக்கு பிள்ளே இதெல்லாம் சொல்லுத? உனக்குத்தான் என்னைப் பிடிக்காதே."

"ஆமாங்க. பிடிக்காதுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். துணியின் ஓரத்தை இழுத்துப் பூனையின் முகத்தை மூடினார். பிறகு ஆட்டோக்காரரின் தோளைத் தட்டி, போகச் சொன்னார்.